மாதப்பன் பார்த்த ஆறுமணிக்குருவி

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் வனக்காப்பாளர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். யானைக் கதையைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். தளி, அஞ்செட்டிப் பக்கம் முப்பது வருஷம் காக்கிச் சட்டை போட்டு, வனவராக ஓய்வு பெற்றவனிடம் யானைக் கதைக்கா பஞ்சம்? அதெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தால் நேரில் சொல்கிறேன். இங்கே எழுதப் போவது ஒரு சாண் நீளம்கூட இல்லாத குருவியைப் பற்றி. யானை துரத்தியபோது ஓடித் தப்பித்திருக்கிறேன். இந்தக் குருவி விஷயத்திலும் நான் தப்பித்துவிட்டேன், மாட்டிக்கொண்டது வேறு ஒருவன். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஆறுமணிக்குருவியின் படத்தை உங்கள் செல்போனில் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி மழையோடு வடக்கேயிருந்து நம்ம காட்டுக்கு வரும். சித்திரை வெயில் ஏறுவதற்குள் திரும்பிப் போய்விடும். விடிகிற நேரத்திலும் பொழுது சாய்கிற நேரத்திலும், ஏறக்குறைய ஆறு மணிக்கு, இரண்டு இழுப்பாக ஒரு விசில் அடிக்கும். முதுகு பச்சை, நெஞ்சு சந்தன நிறம், இறக்கையில் பளிச்சென்று நீலம், கண் வழியாக ஒரு கருப்புப் பட்டை, வயிற்றடியில் நல்ல சிவப்பு. எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடத்தில் இதற்கு நவரங்கா என்று பெயர். இவ்வளவு நிறம் இருந்தும் லேசில் கண்ணில் படாது. மரத்தடியில் சருகைப் புரட்டிக்கொண்டு மொட்டை வாலை மெல்ல ஆட்டிக்கொண்டு நிற்கும். பத்தடி தள்ளி நின்றுகொண்டு நீங்கள் மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நானும் முதல் ஐந்து வருஷம் அப்படித்தான் பார்த்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்த வனவர் கொஞ்சமும் சிரிக்காத மனிதர். என் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, ஒரு பக்கத்தை அப்படியே குறுக்கே அடித்துவிட்டு, "பார்த்ததை எழுது. தெரிஞ்சதை எழுதாதே. தெரிஞ்சதை எழுதத்தான் புத்தகம் போட்டு விக்கறாங்க" என்றார். என் வேலைக்காலம் முழுக்க அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன். எதை எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். எதைப் பேசக் கூடாது என்று அவரும் சொல்லித் தரவில்லை, நானாகவும் கற்றுக்கொள்ளவில்லை.

மாதப்பன் எங்களிடம் தினக்கூலிக் காவலராக வந்தவன். தளிக்கு மேற்கே, நடந்தால் அரை மணியில் கர்நாடகம் வந்துவிடுகிற ஒரு சின்ன ஊர். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். வரும்போது முப்பது வயது இருக்கும், கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. அதற்கு முன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்திருந்தான். அங்கிருந்து ஏன் வந்தாய் என்று கேட்டால், "செட் ஆகல சார்" என்பான், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஃபேன் காற்றில் நின்று மாதச் சம்பளம் வாங்கும் வேலையை விட்டுவிட்டு, அட்டைக்கும் முள்ளுக்கும் யானைக்கும் நடுவே தினக்கூலிக்கு வருகிறவனை என்ன நினைப்பது? சோம்பேறி என்று நினைத்தேன். ஒரே மாதத்தில் அந்த நினைப்பு போய்விட்டது.

அவன் காட்டில் நடக்கும்போது கால் சத்தமே கேட்காது. திடீரென்று நிற்பான். வாய்க்குள்ளேயே "ஐத்தே" என்பான். இருக்கிறது என்பதைத்தான் அவர்கள் ஊர்க் கன்னடத்தில் அப்படிச் சொல்வார்கள். அவன் ஐத்தே என்று சொல்லி அங்கே ஒன்று இல்லாமல் போனதை நான் பார்த்ததில்லை. ஒரு கிளை ஆடிய விதத்தை வைத்து, எந்தக் குருவி அதிலிருந்து எழுந்து போனது என்று சொல்வான். பறக்கும் தினுசு, உட்காரும் தினுசு, குரல், வால் அசைவு இவைதான் அவன் கணக்கு. மைனாவும் தவிட்டுக்குருவியும் தவிர வேறொன்றும் தெரியாத என் ஆட்களுக்கு நடுவில் அவன் எனக்குப் பெரிய சொத்து. வெளியில் காட்டிக்கொள்ளவில்லையே தவிர, எனக்கு அவனைப் பற்றி ரொம்பப் பெருமை. அந்தப் பெருமைதான் கடைசியில் வினையாகப் போனது.

அவன் வந்த முதல் ஐப்பசி. காலை ரோந்து முடிந்து முகாமுக்கு வந்தவன், தண்ணீர்கூடக் குடிக்காமல், "சார், ஓடைப் பள்ளத்துல புதுசா ஒண்ணு வந்திருக்குது" என்றான்.

"என்னன்னு சொல்லு."

"மண்ணு கலர் முதுகு சார். எறக்கையில நீலம். வாலு ஒடிச்சிப் போட்ட மாதிரி கட்டை. தரையிலயே குதிச்சிக்கினு போவுது. வயித்தடியில கருப்பு."

பறவைப் புத்தகத்தைப் புரட்டினேன். "அப்படி ஒரு குருவியை இனிமேதான் செய்யணும் மாதப்பா" என்று கிண்டல் செய்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவைத்தான், ஆனால் விடவில்லை. அடுத்த நாள் விடிகாலை என்னைக் கூட்டிக்கொண்டு போனான். புங்க மரத்தடியில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார வைத்தான். விசில் கேட்டது. "ஐத்தே" என்றான். பார்த்தேன். சருகின் மேல், சின்ன வெயில் விழுந்த இடத்தில், ஆறுமணிக்குருவி.

"டேய், இதைப் போய்க் கருப்புங்கறியே. எப்படிச் செவந்து கிடக்குது பார்" என்று காதில் சொன்னேன்.

அவன் குருவியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். "செவப்பா சார்?" என்றான். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது.

திரும்பி வரும் வழியில், ஓடையைத் தாண்டிய பிறகு அவனாகவே சொன்னான். கம்பெனியில் அவனுக்கு வண்டிகளுக்கான வயர் கட்டும் வேலை. சிவப்பு, பச்சை, பழுப்பு வயர்கள் எல்லாம் அவன் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். முதல் டப்பா சிவப்பு, மூன்றாவது பச்சை என்று இடத்தை மனப்பாடம் செய்துகொண்டு இரண்டு வருஷம் ஓட்டிவிட்டான். ஒரு நாள் யாரோ டப்பாக்களை இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். அன்றைக்குக் கட்டியது அத்தனையும் தப்பு. சூப்பர்வைசர் லைனில் இருந்த எல்லாருக்கும் முன்னால், குருடா என்று கேட்டாராம். மறுநாள் முதல் அவன் போகவில்லை.

"பொண்டாட்டிக்கே சொல்லல சார். காட்டுல யாரும் வயரு நீட்டி இது என்ன கலருன்னு கேக்க மாட்டாங்க இல்லீங்களா, அதான் வந்துட்டேன். பர்மனென்ட் லிஸ்ட்டுல பேரு போயிருக்குது. அது மட்டும் வந்துட்டா சாவுற வரைக்கும் இங்கயே இருந்துடுவேன். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க சார்."

"என் வாயிலிருந்து வராது" என்றேன். அன்றைக்கு நோட்டில் இப்படி எழுதினேன்: வயிற்றடியில் கருப்பு, மாதப்பன் பார்த்தது. வயிற்றடியில் சிவப்பு, நான் பார்த்தது. பார்த்ததை எழுதச் சொன்ன வனவர் இருந்திருந்தால், இரண்டையும் சரி என்று விட்டிருப்பார்.

நாலு வருஷம் போனது. ஒவ்வொரு ஐப்பசியிலும் முதல் விசிலைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொல்வது அவன்தான். வயிறு சிவப்பு என்று பாடம் செய்துவைத்திருந்தான். தினக்கூலிக் காவலர்களில் சிலரை நிரந்தரம் செய்யப் போகிறார்கள், பட்டியலில் மாதப்பன் பெயர் மேலேயே இருக்கிறது என்ற செய்தியும் வந்தது. அவன் மனைவி ஒரு நாள் முகாமுக்கே கேழ்வரகுக் களி கொண்டுவந்து எல்லாருக்கும் போட்டாள்.

அந்த மாசியில்தான் பறவைக் கணக்கெடுப்பு நடந்தது. காடு முழுக்க ஒரே நேரத்தில் குழு குழுவாகப் போய், பார்த்ததைத் தாளில் ஏற்ற வேண்டும். பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் தன்னார்வலர்கள் வந்திருந்தார்கள். எங்கள் மேலதிகாரியும் வந்திருந்தார். பத்து மணிக்கு எல்லாக் குழுவும் திரும்பி வந்து மரத்தடியில் உட்கார்ந்து பட்டியலைச் சரி பார்த்தோம். மாதப்பன் தனியாக ஓடைப் பள்ளத்துக்குப் போய்வந்திருந்தான். ஆறுமணிக்குருவி ஒன்று என்றான்.

வந்தவர்களில் ஒருவர் பறவை விஷயத்தில் பெரிய ஆள். பெரிய கேமரா, பெரிய தொப்பி. கெட்டவர் இல்லை, அவர் வேலையை அவர் பார்த்தார். "வேற யாரும் பார்க்கலையே. கொஞ்சம் அடையாளம் சொல்லுங்க" என்றார்.

"வயித்தடி செவப்பு சார்" என்று மாதப்பன் முதலில் அதைத்தான் சொன்னான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

"முதுகு?"

"மண்ணு கலரு சார்."

முதுகை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அந்த மனிதர் சிரித்தார். "மண் நிற முதுகுன்னா இது வேற ஏதோ. அடிச்சுடுங்க" என்றார். இரண்டு மூன்று பேர் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். மேலதிகாரி நிமிர்ந்து, "ஏம்ப்பா, பார்த்தியா, இல்ல கணக்குக்கு ஒண்ணு சேர்த்துக்கிட்டியா?" என்று கேட்டார்.

மாதப்பன் என்னைப் பார்த்தான்.

நீங்கள் என் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். சாயங்காலம் நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சும்மா இருந்திருந்தால்கூட அந்தத் தாளில் ஒரு குருவி குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் என் ஆளைப் பொய்யன் என்கிறார்களே என்று எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அந்தப் பெரிய தொப்பிக்கு முன்னால் நம் ஆள் யார் என்று காட்ட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதை மறைத்து என்ன பயன்?

"சார், அவன் பொய் சொல்ற ஆள் இல்ல. அவனுக்குச் சிவப்பு பச்சை தெரியாது சார். தெரியாமலே நம்ம எல்லாரையும் விட நல்லாப் பார்ப்பான்" என்றேன்.

அந்தப் பெரிய மனிதர் எழுந்து வந்து மாதப்பன் கையைப் பிடித்துக் குலுக்கினார். யாரோ கை தட்டினார்கள். மேலதிகாரி, "அப்படியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். ஆறுமணிக்குருவி தாளில் ஏறியது. நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாதப்பன் அவர் குலுக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது.

மூன்று வாரம் கழித்து, நிரந்தரத்துக்கான மருத்துவச் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஒட்டிய கவர். நான்தான் ஆட்களிடம் கொடுத்து அனுப்ப வேண்டும். வழக்கமாக அந்தச் சோதனையில் சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொல்லுவார்கள், படித்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். புள்ளி புள்ளியாக நிறத்தில் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தை யாரும் வெளியே எடுக்க மாட்டார்கள். மாதப்பனின் கவரில் மட்டும், நிறம் தெரிகிறதா என்றும் பார்க்கவும் என்று ஒரு வரி அதிகமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. மேலதிகாரியிடம் போய்ப் பேசியிருக்க வேண்டும். பேசப் பயமாக இருந்தது. நாலு வருஷமாகத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது.

கவரை வாங்கியவன், "ஒண்ணும் இருக்காது இல்லீங்களா சார்?" என்று கேட்டான்.

"ஒண்ணும் இருக்காது, போய்ட்டு வா" என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் முகாமுக்கு வரவில்லை. மறுநாள் வந்தான். புள்ளிப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக்கூட அவனால் படிக்க முடியவில்லை. பிறகு நான் மேலதிகாரியிடம் போனேன். போக வேண்டிய நேரம் தாண்டிய பிறகு போனேன். அவரும் வருத்தப்பட்டார். "தெரிஞ்ச பிறகு நான் எப்படிய்யா கையெழுத்துப் போடறது? தெரியாம இருந்திருந்தா வேற" என்றார். அவரிடம் குற்றம் சொல்ல எனக்கு இடமில்லை. அவருக்குத் தெரிய வைத்தவன் நான்.

தினக்கூலியாகவே தொடர்ந்து இருக்கலாம் என்று மாதப்பனிடம் சொன்னோம். அவன் கேட்கவில்லை. டார்ச், மழைக்கோட்டு, விசில் மூன்றையும் துடைத்து மேஜை மேல் வைத்தான். "என்னைத் திட்டிட்டாவது போ மாதப்பா" என்றேன். "நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் திட்டியிருந்தால் இதை நான் எப்போதோ மறந்திருப்பேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவன் தன் குறையை நம்பி உங்களிடம் சொல்லுவான். அவனைக் காப்பாற்றுகிறோம், புகழ்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அதைச் சபையில் எடுத்துப் போடாதீர்கள். அவன் மானத்தைக் காப்பாற்ற வேறு வழி அந்த நிமிஷத்தில் கட்டாயம் இருக்கும். நமக்குக் கைதட்டல் வேண்டியிருப்பதால் அது கண்ணில் படாது. தாளிலிருந்து குருவியை அடித்துவிடச் சொன்னால் அடித்துவிடுங்கள். அடுத்த வருஷம் அது மறுபடியும் வரும்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். போன ஐப்பசியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்று ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். காலை ஏழு மணி இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தால், "சார்... ஐத்தே சார்" என்று குரல் கேட்டது. ஊருக்கு வெளியே ஒரு புதுக் கம்பெனியில் செக்யூரிட்டியாக இருக்கிறானாம். உடனே ஆட்டோ பிடித்துப் போனேன்.

கண்ணாடியில் எழுப்பிய நாலு மாடிக் கட்டடம். எதிரே சாலையோரம் நிற்கும் மரங்கள் அந்தக் கண்ணாடியில் அப்படியே தெரிந்தன. மாதப்பன் நீலச் சட்டையும் தொப்பியுமாக வாசலில் நின்றான். காதோரம் நரைத்திருந்தது. என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான். செக்யூரிட்டி அறையில், பழைய துண்டின் மேல் குருவி கிடந்தது.

"கண்ணாடியில தெரியறத மரம்னு நெனச்சிடுச்சு சார். நான் எடுக்கும்போது மூச்சு இருந்துச்சு. தண்ணி காட்னேன், குடிக்கல. உங்களுக்குப் போன் பண்ணிட்டுத் திரும்பிப் பாக்கறேன், போயிடுச்சு" என்றான்.

கையில் எடுத்தேன். உடம்பு இன்னும் விறைக்கவில்லை. எவ்வளவு தூரத்திலிருந்து பறந்து வந்திருக்கும், காட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"சார், அந்தச் செவப்பு எங்க இருக்குதுன்னு காட்டுங்க சார்" என்றான்.

அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்துக் குருவியின் வயிற்றடியில் வைத்தேன்.

"எங்கிருந்து எது வரைக்கும் சார்?"

விரலை மெதுவாக நகர்த்திக் காட்டினேன். சிவப்பு தொடங்கும் இடத்திலிருந்து வாலடியில் முடியும் இடம் வரைக்கும். இரண்டு கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அவன் விரலை எடுக்காமல், ஒரு தடவை தானாகவே அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"இவ்ளோதானா சார்?" என்றான்.

நான் பதில் சொல்வதற்குள் வெளியே ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது. அவன் தொப்பியைச் சரி செய்துகொண்டு கேட்டைத் திறக்கப் போனான்.